சுவருக்குள் போன வேலைக்குச் சாட்சி

(இலண்டனில் தமிழில் ஆற்றிய அறக்கட்டளைச் சொற்பொழிவு. அச்சுக்காகச் செப்பம் செய்யப்பட்டது.)



இந்த மேடையில் எனக்கு முன் பேசியவர்கள் இலக்கியமும் இசையும் வரலாறும் பேசினார்கள். நான் வீட்டு வயரிங்கைப் பற்றியும், அந்த வேலைக்குத் தரப்படும் சான்றிதழைப் பற்றியும் பேச வந்திருக்கிறேன். தலைப்பைச் சொன்னதும் அறக்கட்டளையை நிறுவிய குடும்பத்தார் மறுபேச்சின்றி ஒப்புக்கொண்டார்கள். இந்த அறக்கட்டளை யாருடைய நினைவில் நிற்கிறதோ, அந்தப் பெரியவர் ஊரிலும் பிறகு இந்த நகரத்திலும் வாழ்நாள் முழுவதும் வயரிங் வேலை செய்தவர். சுவர் பூசி மறைந்த பிறகும் தன் வேலைக்குத் தானே பொறுப்பு என்று எண்ணியவர் என்று அவரோடு வேலை செய்தவர்கள் சொல்லக் கேட்டிருக்கிறேன்.

இந்த ஊரில் முப்பது ஆண்டுகளுக்கு மேலாக இதே தொழிலில் இருக்கிறேன். முதல் பாதி வயர் இழுத்தேன். அதன் பிறகு சோதனை செய்வதும், மாலை வகுப்பில் சோதனை கற்பிப்பதுமாகக் காலம் போகிறது. சில மாதங்களுக்கு முன் ஒரு அக்கா இரண்டு தாள்களை என் கையில் தந்து கேட்டார்: “தம்பி, ரெண்டும் சேட்டிபிக்கற்தானே? ஒண்டு காணாதோ?” இன்றைய பேச்சு முழுவதும் அந்தக் கேள்விக்கான பதில்தான்.

என் கருத்தை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். இங்கிலாந்தின் கட்டட விதிகள் வீட்டு மின்வேலைக்கு இரண்டு காரியங்களைக் கேட்கின்றன. செய்த வேலையை அளந்து சோதித்து, ஒருவர் பெயர் போட்டுக் கையெழுத்திட வேண்டும். அந்த வேலை நடந்ததைக் கவுன்சிலுக்கு அறிவிக்க வேண்டும். முதலாவது சான்று, இரண்டாவது அறிவிப்பு. இந்த இருபது ஆண்டுகளில் அறிவிப்பைப் பத்திரமாகப் பிடித்துக்கொண்டோம், சான்றைக் கைநழுவ விட்டோம். வீட்டைக் காப்பது சான்று.

1. சட்டம் யாரை நினைத்தது

இந்த நாட்டில் வயரிங்குக்கு விதி எழுதத் தொடங்கியது 1882-இல். மின்விளக்கு வீடுகளுக்குள் நுழைந்த வேகத்தில் தீயும் நுழைந்துவிடுமோ என்று அஞ்சிய தந்திப் பொறியாளர் சங்கம் ஒரு சிறு விதித் தொகுப்பை வெளியிட்டது. அதுதான் பதிப்பு மேல் பதிப்பாக வளர்ந்து, 1992-இல் பி.எஸ். 7671 என்ற தர எண்ணைப் பெற்று, 2018-இல் பதினெட்டாம் பதிப்பை எட்டியது. நூற்றிருபது ஆண்டுக் காலம் நல்ல எலக்ட்ரீசியன்கள் அதைப் பின்பற்றினார்கள். ஆனால் இங்கிலாந்தில் ஒரு சாதாரண வீட்டுக்காரர் தன் வீட்டில் யாரை வைத்து வயரிங் செய்தாலும், கட்டட விதிகள் அதைப் பற்றி ஒன்றும் கேட்கவில்லை. கேட்கத் தொடங்கியது 2005 ஜனவரி 1-ஆம் தேதி. அன்று நடைமுறைக்கு வந்ததுதான் ‘பார்ட் பி’ என்று நாம் சொல்லும் பகுதி.

அதற்கு முந்தைய ஆண்டு ஒரு மரணம் நாட்டை உலுக்கியது. நாடாளுமன்ற உறுப்பினர் ஒருவரின் மகள், இளம் தாய், தன் சமையலறையில் மின்சாரம் தாக்கி இறந்தார். சுவருக்குள் கேபிள் சாய்வாக ஓடியிருந்தது. கரண்டிகள் மாட்டும் உலோகச் சட்டத்தைச் சுவரில் பொருத்தியபோது அதன் ஸ்க்ரூ கேபிளில் போய் இறங்கியிருந்தது. பார்ட் பி-க்கான ஆலோசனைகள் அதற்கு முன்பே நடந்துகொண்டிருந்தன. ஆனால் அந்தச் சட்டம் ஏன் வேண்டும் என்பதை விளக்க அதன் பிறகு யாருக்கும் அதிகச் சொற்கள் தேவைப்படவில்லை.

சாய்வாக ஓடிய கேபிள் என்றேன். சுவருக்குள் 50 மில்லிமீட்டருக்குக் குறைந்த ஆழத்தில் போகும் கேபிள், கண்ணுக்குத் தெரியும் சுவிட்சிலிருந்தோ சாக்கெட்டிலிருந்தோ நேர்மேலாகவோ நேர்கிடையாகவோ போக வேண்டும். அல்லது சுவரின் மூலையையோ கூரையையோ ஒட்டிய 150 மில்லிமீட்டர் பட்டைக்குள் போக வேண்டும். சுவரைத் துளையிடப் போகும் ஒருவர் சாக்கெட்டைப் பார்த்து, ‘இதற்கு மேலே துளைக்கக் கூடாது’ என்று ஊகிக்கட்டும் என்பதற்காக வந்த விதி இது. வயரைப் பதிப்பவருக்கும், பல ஆண்டு கழித்து உலோகச் சட்டம் மாட்ட வருபவருக்கும் இடையில் பேசாமலே செய்துகொண்ட உடன்பாடு என்று இதைச் சொல்லலாம். ஒருவர் அதை மீறினார். மற்றவருக்கு அது தெரிய வழியே இருக்கவில்லை.

பார்ட் பி-யின் அடிப்படை விதி ஒரே வாக்கியம். அது மூன்று வகை மனிதரைக் காக்கச் சொல்கிறது: மின்சாரத்தைப் பயன்படுத்துபவர், பராமரிப்பவர், பின்னொரு நாள் அதில் மாற்றம் செய்பவர். என் மாணவர்களை அந்த மூன்றாவது ஆளில் நிறுத்தி வைப்பேன். இன்னும் அந்த வீட்டு வாசலுக்கே வராத ஒருவரைச் சட்டம் நினைத்திருக்கிறது. நான் இன்று போட்ட வயரைப் பத்து ஆண்டு கழித்துத் திறக்கப்போகும், எனக்கு முகம் தெரியாத அந்தக் கைக்கு நான் எழுதி வைக்கும் கடிதம்தான் சோதனைத் தாள்.

2. இரண்டு தாள்கள்

அக்காவின் இரண்டு தாள்களுக்கு வருவோம்.

முதலாவது மின் நிறுவல் சான்றிதழ். புதிய சர்க்கியூட் போட்டாலும் ஃபியூஸ் போர்டை மாற்றினாலும் இது தரப்பட வேண்டும். இருக்கிற சர்க்கியூட்டில் ஒரு சாக்கெட்டைக் கூட்டினால் சிறு வேலைச் சான்றிதழ் போதும். பெரிய சான்றிதழில் மூன்று இடத்தில் கையெழுத்து கேட்பார்கள்: வடிவமைத்தவர், நிறுவியவர், சோதித்தவர். சிறிய வேலையில் மூன்றும் ஒரே ஆளாக இருக்கலாம். இருந்தாலும் மூன்று பொறுப்பையும் தனித்தனியே ஏற்றுக் கையெழுத்திட வேண்டும். அதன் பின்னால் இணைத்திருக்கும் அட்டவணைதான் உயிர். ஒவ்வொரு சர்க்கியூட்டுக்கும் ஒரு வரி. எந்த அளவு கேபிள், எத்தனை ஆம்பியர் பிரேக்கர், எர்த் வயர் எவ்வளவு தடை காட்டியது, இன்சுலேஷன் எத்தனை மெகா ஓம், மின்கசிவில் துண்டிக்கும் ஆர்.சி.டி. எத்தனை மில்லி வினாடியில் விழுந்தது என்று எண்களாகவே இருக்கும்.

இரண்டாவது கட்டட விதி இணக்கச் சான்றிதழ். பெரும்பாலும் ஒரே பக்கம். முகவரி, வேலையின் பெயர், முடிந்த தேதி, செய்த நிறுவனம். பதிவுபெற்ற எலக்ட்ரீசியன் தன் அமைப்புக்கு இணையவழி சொன்னதும், வேலை முடிந்த 30 நாளுக்குள் இது வீட்டுக்காரருக்கு வர வேண்டும். அதே காலத்துக்குள் கவுன்சிலுக்கும் தகவல் போக வேண்டும். இதில் ஓர் அளவீடுகூடக் கிடையாது. கவுன்சிலின் கோப்பில் இருப்பதும் இவ்வளவுதான்: இந்த வீட்டில் இந்தத் தேதியில் ஃபியூஸ் போர்டு மாற்றப்பட்டது, அது விதிப்படி நடந்ததென்று செய்தவர் சொல்கிறார்.

வங்கியோ சொலிசிட்டரோ கேட்பது இரண்டாவதை. அதனால் நம் வீடுகளில் அது பிளாஸ்டிக் உறைக்குள் அலமாரியில் இருக்கிறது. முதலாவது பல வீடுகளில் எழுதப்படவே இல்லை. எழுதிய இடங்களில் மின்னஞ்சலில் வந்து அங்கேயே கிடக்கிறது. எங்காவது ஒன்று கையில் கிடைத்தால், எல்லாச் சர்க்கியூட்டுக்கும் எதிரே ஒரே எண் வரிசையாக நிற்கிறது. பத்து சர்க்கியூட்டும் கடைசிப் புள்ளிவரை ஒரே தடை காட்டும் வீடு ஒன்றை இந்த முப்பது ஆண்டில் நான் பார்த்ததில்லை.

3. சோதனைக் கருவிக்குத் தெரிவது

எண்களுக்கு ஏன் இவ்வளவு வாதாடுகிறேன் என்று கேட்பீர்கள். ஒரே ஒரு சர்க்கியூட்டை மட்டும் பக்கத்தில் போய்ப் பார்ப்போம்.

இந்த நாட்டு வீடுகளின் சாக்கெட்டுகளுக்குப் பெரும்பாலும் ‘ரிங்’ போட்டிருப்பார்கள். இரண்டாம் உலகப் போருக்குப் பின் செம்பு அரிதாயிருந்த காலத்தில், 13 ஆம்பியர் ஃபியூஸ் பொதிந்த பிளக்கோடு கைகோர்த்து வந்த முறை அது. ஃபியூஸ் போர்டிலிருந்து புறப்படும் கேபிள் ஒவ்வொரு சாக்கெட்டாகத் தொட்டுக்கொண்டு வீட்டைச் சுற்றி வந்து, அதே பிரேக்கரிலேயே போய்ச் சேரும். மாலை கட்டி இரு நுனியையும் முடிச்சுப் போட்டது போல. பிரேக்கர் 32 ஆம்பியர். கேபிள் 2.5 சதுர மில்லிமீட்டர். அந்தக் கேபிள் தனியாக, பதித்த இடத்தைப் பொறுத்து, 20 முதல் 27 ஆம்பியர் வரைதான் தாங்கும். இருபுறமிருந்தும் மின்னோட்டம் வருவதால் சுமை பங்காகி, 32 ஆம்பியர் பிரேக்கருக்குப் பின்னால் அது பாதுகாப்பாக இருக்கிறது.

கிழக்கு இலண்டனில் ஒரு வரிசை வீடு. பின்பக்கம் சமையலறையை நீட்டிக் கட்டியிருந்தார்கள். குடும்பத்தார் வாடகைக்கு விடப்போவதால் சோதனைக்கு என்னை அழைத்தார்கள். வேலை எவ்வளவு சுத்தம் தெரியுமா! சாக்கெட்டுகள் ஒரே நேர்கோட்டில். பழைய சிவப்பு, கறுப்பு வயரும் புதிய பழுப்பு, நீல வயரும் சந்தித்த இடத்தில் அழகான ஜங்ஷன் பாக்ஸ். கெட்டில் கொதித்தது, வாஷிங் மெஷின் சுற்றியது, கிரைண்டர் ஓடியது. அந்த வீட்டம்மா சொன்னார்: “அஞ்சு வருசமா ஒரு பிரச்சினையும் இல்லை அண்ணை.”

மின்சாரத்தை நிறுத்தி, ரிங்கின் இரு நுனிகளையும் பிரேக்கரிலிருந்து கழற்றினேன். லைன் வயரின் ஒரு நுனியில் ஒரு முள், மறு நுனியில் இன்னொரு முள். கருவி ஏதாவது ஓர் எண்ணைக் காட்ட வேண்டும். அந்த வீட்டின் ரிங் ஏறத்தாழ 70 மீட்டர் இருக்கும். 2.5 செம்பு மீட்டருக்கு 7.41 மில்லி ஓம். ஆகவே 0.52 ஓம் அளவில் எதிர்பார்த்தேன். நியூட்ரல் சரியாக 0.52 காட்டியது. எர்த் வயர் 1.5 என்பதால் 0.85 எதிர்பார்த்தேன், அதுவும் வந்தது. லைனில் மட்டும் கருவி எண்ணே காட்டவில்லை. வட்டம் அறுந்திருந்தது.

தேடிப் பார்த்ததில், ஃபிரிட்ஜுக்குப் பின்னால் இருந்த சாக்கெட்டில் இரண்டு லைன் வயரில் ஒன்று டெர்மினலுக்குள் போகாமல், ஸ்க்ரூவுக்குப் பக்கத்தில் மடங்கி நின்றது. சமையலறை வேலையில் சாக்கெட்டை நகர்த்தியவர் அவசரத்தில் திருகியிருப்பார். வெளியே பார்க்க ஒரு குறையும் தெரியாது. எல்லாச் சாக்கெட்டுக்கும் ஒரு பக்கத்திலிருந்து மின்சாரம் வந்துகொண்டுதான் இருந்தது. ஆனால் கெட்டிலும் டிரையரும் டிஷ்வாஷரும் ஒன்றாக ஓடும் ஞாயிற்றுக்கிழமையில் 30 ஆம்பியரும் ஒரே கேபிள் வழியாகப் போயிற்று. 32 ஆம்பியர் பிரேக்கர் அதைத் தடுக்கப்போவதில்லை, தன் வரம்புக்குள் இருப்பதாகத்தான் அது கருதும். சுவருக்குள், வெப்பக் காப்புப் பஞ்சுக்கு நடுவில், அந்தக் கேபிள் ஐந்து ஆண்டாக வாரம் ஒருமுறை சூடேறிக்கொண்டிருந்தது. அந்தச் சாக்கெட்டுக்கு அருகே கேபிளின் உறை நிறம் மாறியிருந்ததை வீட்டம்மாவுக்குக் காட்டினேன். அவர் ஒன்றும் பேசவில்லை. மேல்மாடியில் பிள்ளைகள் தூங்கும் அறை அந்தச் சுவருக்கு நேர் மேலே இருந்தது.

வேலை முடிந்த அன்று ஐந்து நிமிடம் மூன்று வயரையும் அளந்திருந்தால் இது அன்றே தெரிந்திருக்கும். சமையலறைக்கு என்று அந்த வீட்டில் ஓர் இணக்கச் சான்றிதழ் இருந்தது. சோதனை அட்டவணை இல்லை. வேலை செய்தவர் கெட்டவர் என்று நான் சொல்லமாட்டேன். ஜங்ஷன் பாக்ஸை அவ்வளவு அழகாகப் போட்டவருக்குத் தொழிலில் அக்கறை இல்லாமல் இருக்குமா? அளக்காமல் போனார், அவ்வளவுதான். அவரை அளக்கச் சொல்லி யாரும் கேட்கவும் இல்லை.

4. அறிவிக்க மூன்று வழி

அறிவிப்பின் நடைமுறையைச் சுருக்கமாகச் சொல்கிறேன். நான் சொல்வது இங்கிலாந்துக்கு. வேல்ஸ் பெரும்பாலும் பழைய பட்டியலையே வைத்துக்கொண்டது, ஸ்கொட்லாந்துக்குச் சட்டமே வேறு.

2013 ஏப்ரல் 6-இலிருந்து அறிவிக்க வேண்டிய வேலைகள் மூன்று: புதிய சர்க்கியூட், ஃபியூஸ் போர்டு மாற்றம், குளியலறை போன்ற சிறப்பு இடங்களில் இருக்கிற சர்க்கியூட்டில் கூட்டலோ மாற்றமோ. குளியலறை என்றால் அறை முழுவதும் இல்லை. தொட்டி அல்லது ஷவர் தட்டின் விளிம்பிலிருந்து 0.6 மீட்டருக்குள், 2.25 மீட்டர் உயரம் வரை. நீச்சல் குளமும் சோனாவும் உள்ள அறைகளும் இந்தப் பட்டியலில் வரும். அதுவரை பட்டியலில் இருந்த சமையலறையும் தோட்டமும் அன்று நீக்கப்பட்டன.

இந்த நீக்கத்தை நம்மில் பலர் தவறாகப் புரிந்துகொண்டார்கள். ‘சமையலறைக்கு இப்போது பார்ட் பி இல்லை’ என்று எலக்ட்ரீசியன்களே சொல்லக் கேட்டிருக்கிறேன். அது பிழை. அறிவிக்கும் கடமைதான் போனது. பாதுகாப்பாகச் செய்யும் கடமையும் சோதித்துச் சான்று தரும் முறையும் அப்படியே இருக்கின்றன. ஒரு சாக்கெட்டை நகர்த்தினாலும் சிறு வேலைச் சான்றிதழ் எழுத வேண்டும். பின்தோட்டத்துக் கொட்டிலுக்கு ஃபியூஸ் போர்டிலிருந்து தனி லைன் இழுத்தால் அது புதிய சர்க்கியூட், அறிவிக்கத்தான் வேண்டும். நம் குடும்பங்களில் அப்பா அம்மாவுக்கென்று அந்தக் கொட்டிலை அறையாக்குவோர் தொகை கொஞ்சமல்ல. அதனால் இதை இரண்டு தரம் சொல்கிறேன்.

வழிகள் மூன்று. என்.ஐ.சி.இ.ஐ.சி., நாப்பிட் போன்ற அமைப்புகளில் பதிவுபெற்றவர் தன் வேலைக்குத் தானே சான்றளித்து அறிவிக்கலாம். பதிவு இல்லாதவர் வேலை தொடங்கும் முன்பே கவுன்சிலின் கட்டடக் கட்டுப்பாட்டுப் பிரிவிடம் சொல்லி, கட்டணம் கட்டி, அவர்கள் வழியாகப் போகலாம். அல்லது, 2013-இல் வந்த ஏற்பாட்டின்படி, தொடங்கும் முன்பே பதிவுபெற்ற மூன்றாம் தரப்புச் சோதகர் ஒருவரை அமர்த்தி, வேலை முடிந்து ஐந்து நாளுக்குள் அவருக்குத் தெரிவித்து, அவர் சோதித்துச் சான்றளிக்கலாம்.

முதல் வழியில் அறிவிப்புக்குச் சில பவுண்டுதான் செலவு. கவுன்சில் வழியில் பல இடங்களில் நூற்றுக்கணக்கில் ஆகும். இந்த விலை வித்தியாசத்தில்தான் அடுத்துச் சொல்லப்போகும் சிக்கல் முளைக்கிறது.

5. ‘எங்கட ஆள்’

நம் சமூகத்தில் வீட்டு வேலைக்கு ஆள் பிடிப்பது எப்படி என்று உங்களுக்கு நான் சொல்லத் தேவையில்லை. கோவிலில், கலியாண வீட்டில், கடையில் கேட்கிறோம். ‘எங்கட ஆள் ஒருத்தர் இருக்கிறார், நல்லாச் செய்வார்.’ அவர் நன்றாகவே செய்கிறார். ஊரிலிருந்து வந்து, பகலில் ஒரு வேலை, இரவில் கல்லூரி என்று இந்தத் தொழிலைக் கற்ற பிள்ளைகள் பலரை எனக்குத் தெரியும். அவர்கள் கையில் நான் என் வீட்டைத் தருவேன்.

ஆனால் அவரிடம் சான்றிதழ் கேட்க நமக்கு நா எழுவதில்லை. “அவர் எங்கட ஆள். அவரிட்ட பேப்பர் கேட்டா நம்பேல்லை எண்டு நினைப்பார்.” இந்த வாக்கியத்தை நான் கேட்காத ஆண்டில்லை. நம்பிக்கைக்கும் சான்றுக்கும் நாம் ஏனோ பகை மூட்டிவிட்டோம். வைத்தியர் உறவினர் என்பதற்காக இரத்தப் பரிசோதனை முடிவைப் பார்க்காமல் இருப்போமா? நல்ல எலக்ட்ரீசியன் தன் அட்டவணையைக் காட்ட ஆசைப்படுவார். அந்த 0.52-உம் 0.85-உம் அவருடைய கைவேலைக்குக் கிடைத்த மதிப்பெண். அதைக் கேட்காமல் விடும்போது அவருடைய வேலையின் சிறந்த பகுதியை நாம் பார்க்காமலே விடுகிறோம்.

இன்னொரு வழக்கம் வந்துவிட்டது. இதைச் சொல்ல எனக்கு வருத்தம்தான். பதிவு இல்லாதவர் வேலையை முடிப்பார். பதிவு உள்ள நண்பர் வீட்டைப் பார்க்காமலே, ‘என் பெயரில் போட்டுவிடுகிறேன்’ என்று அறிவித்துவிடுவார். உதவி என்றுதான் இருவரும் நினைக்கிறார்கள். பதிவுபெற்றவர் தான் செய்த வேலைக்குத்தான் இப்படி அறிவிக்கலாம். மற்றவருடைய வேலைக்குக் கூடாது. அப்படி வந்த இணக்கச் சான்றிதழில் உள்ள பெயர், அந்த வீட்டின் வாசற்படியையே மிதிக்காத ஒருவருடையது. நாளை ஏதாவது நடந்தால் தெரியாத வேலைக்குப் பதில் சொல்ல வேண்டியவர் அவர். தம்பிமாரே, இந்த உதவியை யாருக்கும் செய்யாதீர்கள். பதிவு இல்லாத நண்பருக்கு உதவ வேண்டுமானால், மூன்றாம் தரப்புச் சோதகரை முதல் நாளே அழைத்துவரச் சொல்லிக்கொடுங்கள். அவரைப் பதிவுக்குத் தயார்ப்படுத்துங்கள்.

இந்த நாட்டுச் சட்டத்திலும் குறை உண்டு. கேஸ் வேலை செய்பவர் கேஸ் சேஃப் பதிவேட்டில் இல்லாமல் கைவைத்தால் குற்றம். ‘எலக்ட்ரீசியன்’ என்ற பெயருக்கோ எந்தக் காவலும் கிடையாது, யாரும் அப்படி அட்டை அடித்துக்கொள்ளலாம். பதிவும் நிறுவனத்துக்குத்தான். ஆண்டுதோறும் மதிப்பீட்டாளர் வந்து பார்ப்பது சில மாதிரி வேலைகளை. நிறுவனத்தில் வேலை செய்யும் ஒவ்வொரு கையையும் அவர் பார்ப்பதில்லை. இந்த ஓட்டைகளைச் சட்டம் அடைக்கும்வரை, அடைக்கக்கூடியவர் வீட்டுக்காரர்தான். அவர் கையில் இருப்பது ஒரே கேள்வி: ‘சோதனை அட்டவணை எங்கே?’ கடைசிப் பணத்தைக் கொடுக்கும் முன் அதைக் கேளுங்கள்.

6. வீடு விற்கும் நாள்

சான்றும் அறிவிப்பும் குழம்பிப்போனது எவ்வளவு ஆழம் என்பதை வீடு கைமாறும்போது பார்க்கலாம். விற்பவர் நிரப்பும் டி.ஏ.6 படிவத்தில், 2005 ஜனவரி 1-க்குப் பின் மின்வேலை நடந்ததா என்ற கேள்வி இருக்கிறது. நடந்திருந்தால் தாளைக் காட்ட வேண்டும்.

நான் என் வீட்டை வாங்கியபோது, விற்றவர் ஃபியூஸ் போர்டை மாற்றியிருந்தார், தாள் எதுவும் இல்லை. அவருடைய சொலிசிட்டர் ஒரு காப்புறுதிப் பத்திரம் வாங்கித் தருவதாகச் சொன்னார். ஒரே தவணை, சிறிய தொகை. கவுன்சில் நடவடிக்கை எடுத்து எனக்கு இழப்பு வந்தால் அந்தப் பத்திரம் ஈடுசெய்யும். வயரிங் பிழையாக இருந்து எனக்கோ என் பிள்ளைக்கோ ஏதாவது நடந்தால் அதற்கும் இதற்கும் தொடர்பில்லை. அதில் இன்னொரு நிபந்தனையும் இருந்தது: இந்த வேலையைப் பற்றிக் கவுன்சிலிடம் யாரும் பேசக் கூடாது, பேசினால் பத்திரம் செல்லாது. பாதுகாப்புக்காக எழுதிய சட்டம், பாதுகாப்பைப் பற்றி வாய் திறக்காமலிருக்க ஒரு விலை பேசும் இடத்தில் வந்து நின்றது. என் தொழில் இது என்பதால் எனக்கு அன்று கோபம் வந்தது. இன்றும் அந்தக் கோபம் தணியவில்லை.

நான் பத்திரத்தை வேண்டாம் என்று சொல்லி, விற்றவரின் செலவில் முழு வீட்டையும் சோதிக்கக் கேட்டேன். அவர் ஒப்புக்கொண்டார். நிலை அறிக்கை என்று அதைச் சொல்வார்கள். உடனடி ஆபத்தென்றால் சி1, ஆபத்தாகக்கூடியதென்றால் சி2, மேம்படுத்தலாம் என்றால் சி3. என் வீட்டுக்கு இரண்டு சி2 வந்தன. ஒன்று, தண்ணீர்க் குழாயின் எர்த் இணைப்பு கழன்று கிடந்தது. சரிசெய்ய அரை நாள் வேலை. அந்தக் காப்புறுதிப் பத்திரம் அந்த இணைப்பைத் திருகியிருக்குமா?

விதிக்கு மாறான வேலையை அகற்றவோ திருத்தவோ சொல்லி உரிமையாளருக்கு அறிவித்தல் அனுப்பக் கவுன்சிலுக்கு முன்பு ஓர் ஆண்டுதான் காலம் இருந்தது. 2023 அக்டோபரிலிருந்து அது பத்து ஆண்டு. அறிவித்தல் இன்றைய உரிமையாளருக்கு வரும். வயர் போட்டவர் எங்கே இருக்கிறார் என்று அந்நேரம் அந்த உரிமையாளருக்கே தெரியாமல் இருக்கலாம்.

7. வாடகை வீடு காட்டும் வழி

இங்கிலாந்தில் வாடகை வீடுகளுக்கு 2020-இல் தனி விதி வந்தது. ஐந்து ஆண்டுக்கு ஒருமுறை தகுதியானவர் சோதிக்க வேண்டும், அறிக்கையின் படியை வாடகைக்கு இருப்பவருக்குத் தர வேண்டும், குறைகளை 28 நாளுக்குள் திருத்த வேண்டும். இந்த விதி கேட்பது சோதனை அறிக்கையையே. நம்மில் வீடு வாடகைக்கு விடுபவர்களும் வாடகைக்கு இருப்பவர்களும் நிறையப் பேர். வாடகைக்கு இருக்கும் மாணவப் பிள்ளைகளே, அந்த அறிக்கையைக் கேட்பது உங்கள் உரிமை.

இந்த விதியை முன்வைத்து ஒன்றைக் கேட்கிறேன். கவுன்சிலுக்கு அறிவிப்பு போகும்போது சோதனை அட்டவணையும் கூடவே போகட்டும். இன்று எல்லாம் கணினியில் எழுதுகிறோம், சேர்த்து அனுப்பச் செலவில்லை. முகவரியைப் போட்டால் அந்த வீட்டின் முந்தைய எண்கள் வரட்டும். அப்போது புதிதாக வரும் எலக்ட்ரீசியன் தான் அளந்ததை முன்பு அளந்ததோடு ஒப்பிடலாம். இன்சுலேஷன் 200 மெகா ஓமிலிருந்து 3-க்கு இறங்கியிருந்தால், விதி கேட்கும் 1 மெகா ஓமுக்கு மேலே இருந்தாலும், அந்த இறக்கம் அவருக்கு ஒரு செய்தி சொல்லும்.

கற்பனையில் சொல்வதாக எண்ண வேண்டாம். சில ஆண்டுகளுக்கு முன் ஹரோவில் ஒரு வீட்டில் ஃபியூஸ் போர்டின் மூடியைத் திறந்தேன். உட்புறத்தில் ஒரு பிளாஸ்டிக் உறை ஒட்டியிருந்தது. அதற்குள் நான்காக மடித்த தாள். 1990-களில் கையால் எழுதிய சோதனை அட்டவணை. பென்சில் எழுத்து, ஒழுங்கான எண்கள், கீழே கையெழுத்து. பார்ட் பி பிறக்காத காலம். அவரை யாரும் கேட்டிருக்கமாட்டார்கள்.

சர்க்கியூட் சர்க்கியூட்டாக அளந்து அவர் எண்களுக்குப் பக்கத்தில் வைத்துப் பார்த்துக்கொண்டே வந்தேன். மேல்மாடி ரிங் லைன் 0.44, அவரும் 0.44 எழுதியிருந்தார். விளக்குச் சர்க்கியூட்டுகளும் ஒத்துப்போயின. கீழ்மாடி ரிங்கில் மட்டும் அவர் 0.58 எழுதிய இடத்தில் எனக்கு 0.91 வந்தது. வட்டம் அறுந்திருக்கவில்லை. எங்கோ ஓர் இணைப்பு தளர்ந்திருந்தது. அவருடைய தாள் இல்லாதிருந்தால், வீடு பெரிது, ரிங் நீளம் என்று எண்ணி 0.91-ஐ நான் எழுதிவிட்டுப் போயிருக்கக்கூடும். ஒவ்வொரு சாக்கெட்டாகக் கழற்றினேன். ஐந்தாவது, மாடிப்படிக்குக் கீழே, சாமிப்படத்துக்கு அருகே இருந்தது. டெர்மினலைச் சுற்றி பிளாஸ்டிக் கருகியிருந்தது. வயரை வெட்டி, புதுச் செம்பு தெரியச் சீவி, புதிய சாக்கெட்டில் இறுக்கித் திரும்ப அளந்தேன்.

0.58.

என் அட்டவணையை எழுதி, அவருடைய தாளோடு சேர்த்து அதே உறைக்குள் வைத்து மூடியைத் திருகினேன்.